நான்காம் கிரீனில் ஏழு மைனாக்கள்

காலை ஐந்து மணி ஐம்பத்தைந்து. நான்காம் குழியின் கிரீனில் முதலில் கண்ணில் பட்டது ஒரு மைனா. மல்லாந்து கிடந்தது. கால்கள் இரண்டும் வயிற்றோடு மடங்கியிருந்தன. மஞ்சள் அலகு திறந்திருந்தது. இறகுகளின் மேல் பனித்துளிகள் உடையாமல் நின்றன. கையில் இருந்த மூங்கிலை நீட்டித் தொட்டேன். அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அதற்கு அப்பால் இன்னும் இரண்டு. கொடிக்கம்பத்தின் அடியில் ஒன்று. மணல்குழியின் ஓரத்தில் மூன்று. மொத்தம் ஏழு.

கிரீன் என்று நாங்கள் சொல்வது குழியைச் சுற்றி, விரல்நகத்தின் அகலத்துக்கும் குறைவான உயரத்தில் வெட்டி வைத்திருக்கும் புல்வட்டத்தை. கோல்ஃப் மைதானத்தில் அதிக வேலை கேட்பதும், சீக்கிரம் நோயில் விழுவதும் அதுதான். விடியும்போது நீண்ட மூங்கில் கழியை அதன்மேல் இடமும் வலமுமாக வீசிப் பனியைத் தட்டிவிட வேண்டும். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். அன்றுவரை முப்பத்தோரு வருடம் அப்படித் தட்டியிருந்தேன். செத்த தவளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை சிறுத்தையின் காலடியைப் பார்த்திருக்கிறேன். ஏழு பறவைகளை ஒரே இடத்தில் பார்த்தது அன்றுதான்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு பூட்டு. எங்கள் மைதானத்தில் வெட்டிய புல்லைக் கம்பிக் கூண்டுக்குள் கொட்டிப் பூட்டி வைப்பார்கள். போன மாதம் புதிதாகச் சேர்ந்த நால்வருக்கு இடங்களைக் காட்டுவதற்காக, ஓய்வு பெற்ற என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் கூண்டைப் பார்த்துவிட்டு, "வெறும் புல்லுக்கு எதுக்குங்க பூட்டு? எங்க வீட்டு அலுமாரிக்கே பூட்டு இல்ல" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.

மைதானம் நுவரெலியாவிலிருந்து ராகலை போகும் பக்கத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கிறது. தோட்டத் துரைமாருக்காக அந்தக் காலத்தில் வெட்டிய ஒன்பது குழி மைதானம். நான் பத்தொன்பது வயதில் களை பிடுங்கும் ஆளாகச் சேர்ந்தேன். எட்டு வருடம் வெட்டும் இயந்திரம் தள்ளினேன். பிறகு கிரீன்களின் பொறுப்பு வந்தது. கூடவே ஒரு பெரிய கொப்பியும் வந்தது. தினமும் நேரம், குளிர், மழை, செய்த வேலை ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். அபிப்பிராயம் எழுதக்கூடாது. அந்தப் பழக்கம் எனக்குள் இறங்கிவிட்டது.

வருடம் முழுவதும் வேலை ஒரு வட்டத்தில்தான் போகும். தை, மாசியில் உறைபனி. புல் வெள்ளையாகிக் கண்ணாடி போல நிற்கும்போது யாரும் மிதிக்கக்கூடாது. மிதித்தால் அப்போது ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் அந்தக் காலடி கறுப்பாகப் பொங்கி வரும், ஒரு மாதம் போகாது. மார்ச்சில் நிலம் காயும். அப்போது நீண்ட பிடி வைத்த தோட்ட முள்கரண்டியால் கிரீன் முழுக்கத் துளை போட்டு, சலித்த மணல் தூவி, துடைப்பத்தால் துளைக்குள் தள்ள வேண்டும். ஏப்ரலில் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள், அதற்குள் புல் மூடிவிட வேண்டும். வைகாசிக்குப் பிறகு காற்றும் மழையும். அப்போது கான் வெட்டி நீரை வடிப்பதே வேலை.

இந்த வட்டத்தில் நான் பயந்த மாதம் மார்ச். அப்போதுதான் வெண்புழு வரும். மண்ணுக்குள் சுருண்டு கிடந்து புல்லின் வேரைத் தின்னும். மேலே ஒன்றும் தெரியாது. ஒருநாள் கிரீனைக் கையால் இழுத்தால் பாய் மாதிரிச் சுருண்டு வரும்.

மருந்து அடித்தால் அதற்கு ஒரு முறை உண்டு. அடித்தவுடன் நீர் பாய்ச்சி மண்ணுக்குள் இறக்க வேண்டும். மூன்று நாள் அந்தக் கிரீனை வெட்டக்கூடாது. பிறகு வரும் முதல் நான்கு வெட்டின் புல்லும் சுண்ணாம்புக் குழிக்குப் போகவேண்டும். மற்ற நாட்களில் புல் அந்தக் குழிக்குப் போவதில்லை. எல்லைக் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு டர்பன்டைன் மரம் இருக்கிறது. இயந்திரத்தின் முன்னால் மாட்டியிருக்கும் பெட்டியில் சேரும் புல்லை அதன் அடியில் கொட்டுவோம். கம்பிக்கு அந்தப் பக்கம் தோட்டத்து லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். மாடு வைத்திருப்பவர்கள் வந்து புல்லை அள்ளிப் போவார்கள். யார் ஆரம்பித்த வழக்கம் என்று தெரியாது. நான் சேரும்போதே இருந்தது.

மைனாக்கள் செத்தது, நாடே பணமில்லாமல் முடங்கிய வருடம். அந்த வருடம் லயத்தில் மிஞ்சியிருந்தது ஒரே மாடு. செல்லம்மாவின் மாடு. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். புருஷன் இல்லை. பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் வேலைக்கு நின்றார்கள். மாட்டின் காலைப் பால் அப்படியே தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குப் போகும். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. முன்பு அங்கே பால்மா கரைத்துக் கொடுப்பார்கள். அந்த வருடம் கடைகளில் பால்மா இல்லை. பெட்ரோல் இல்லை. எரிவாயு இல்லை. பதினைந்து பிள்ளைகளுக்கு அந்த மாடு மட்டும் இருந்தது.

மருந்தும் இல்லை. அரசாங்கம் இரசாயன மருந்தை நிறுத்தியதற்கு அடுத்த மார்ச் அது. தடையைத் தளர்த்திவிட்டார்கள் என்று பேச்சு இருந்தது, கடையில் சாமான் இல்லை. நான்காம் கிரீனில் புழு வந்திருந்தது.

கிளப்பின் செயலாளரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தோட்டத் துரை. சிங்களவர். காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று படித்த தமிழ் அவருடையது. அதில் 'நீங்கள்' கிடையாது. ஆனால் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கிரீனைப் பார்க்க வந்தால் முதலில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் முழங்கால் வைப்பார். புறங்கையால் புல்லைத் தடவுவார். பேனாக்கத்தியால் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு மண் எடுத்து, உள்ளே இருக்கும் புழுவை எண்ணிவிட்டு, அதே துளைக்குள் திரும்ப வைத்துப் பெருவிரலால் அழுத்துவார். அங்கே கத்தி பட்டது யாருக்கும் தெரியாது. ஒரு கேள்வியை ஒருமுறைதான் கேட்பார். பதில் வரும்வரை பேசாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏசுகிற துரைமாரைவிட அந்த மௌனத்துக்குத்தான் நாங்கள் பயந்தோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஜீப்பிலிருந்து ஒரு சோடாப் போத்தலோடு இறங்கினார். இரண்டு லீட்டர் பிளாஸ்டிக் போத்தல். உள்ளே தேயிலைச் சாயம் மாதிரி மண்ணிறத் திரவம். மேலே ஒட்டியிருந்த வெள்ளை டேப்பில் பேனாவால் 'புழு' என்று சிங்களத்தில் எழுதியிருந்தது.

"மருந்து கிடைச்சது. ராகலை பக்கம் ஒரு மரக்கறித் தோட்டக்காரன் கொடுத்தான்" என்றார்.

"பேரு என்னங்க தொர?"

"பேர் கேட்டா இப்போ மருந்து கிடைக்காது, சுப்பையா."

"எவ்வளவுங்க ஊத்துறது?"

அவர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஒரு டாங்கிக்கு ஒரு மூடி. இல்லை, ரெண்டு போடு."

இரண்டு போட்டேன். அடித்தேன். நீர் பாய்ச்சினேன். கொப்பியில் 'மருந்து, பெயர் தெரியாது, இரண்டு மூடி' என்று எழுதினேன். அபிப்பிராயம் எழுதவில்லை.

மறுநாள் புதன்கிழமை காலை ஏழரைக்கு மறுபடி வந்தார். "நாளைக்குப் பின்னேரம் ஆளுக வாறாங்க. நாலாவது கிரீனை வெட்டு."

"அடிச்சு ஒரு நாள்தாங்க ஆகுது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கிரீனைப் பார்த்தேன்.

"வெட்டு," என்றார். "புல்லைக் குழியில போடு."

அதை அவர் சொன்னார். அது என் காதில் விழுந்தது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வழக்கமாக நான்காம் கிரீனை வெட்டும் ஆள் அன்று வரவில்லை. நானே இயந்திரத்தைத் தள்ளினேன். பெட்டி மூன்று முறை நிறைந்தது.

இனி வியாழக்கிழமை காலைக்கு வருகிறேன். ஏழு மைனாக்களையும் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டேன். கிரீனின் ஓரத்தில் வெண்புழுக்கள் மேலே வந்து செத்துக் கிடந்தன. அவற்றைப் பறவைகள் தின்றிருக்கின்றன. மருந்து நான் நினைத்ததைவிடக் கடுமையானது. இவ்வளவும் ஒழுங்காக மனதில் வந்தது. பறவைகளைப் புதைக்கச் சுண்ணாம்புக் குழிக்குப் போனேன்.

குழியில் செவ்வாய்க்கிழமை நான் கொட்டிய சுண்ணாம்பு அப்படியே இருந்தது. வெள்ளையாக, சமமாக, ஒரு புல் இழைகூட இல்லாமல்.

அப்போதுதான் முதல்நாள் என் கால்கள் எங்கே போயின என்பது ஞாபகம் வந்தது. மூன்று பெட்டியையும் நான் மரத்தடிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். நிறைந்த பெட்டியைத் தூக்கினால் இடப்பக்கம் திரும்பிக் கீழே இறங்குவது முப்பது வருடப் பழக்கம். யோசித்து இறங்கவில்லை. யோசிக்காமல் இருந்ததால் இறங்கினேன். மூன்றாவது பெட்டியைக் கொட்டும்போது செல்லம்மா கம்பிக்குக் கீழாகக் குனிந்து வந்து நின்றாள். அவளோடு நின்று பேசியிருக்கிறேன்.

"என்னண்ணே, இன்னைக்கி நீங்களே பெட்டியத் தூக்கிட்டு வாறீங்க? ஆளுக எல்லாம் பெட்ரோல் வரிசையிலயா?"

"ஒருத்தன் கேஸ் வரிசையில. ஒருத்தன் காய்ச்சல்ல. தொரமாரு வெளையாடணும்னா நான்தானே வெட்டணும்."

"இந்த வயசுல இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னா மதினி என்னையத்தான் ஏசும்."

"ஒன் மாட்டுக்குத்தான் நான் புல்லு வெட்டப் போறேன்னு ஏற்கனவே ஏசிக்கிட்டுத்தான் இருக்கா."

அவள் சிரித்தாள். ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தாள். "பூவாட்டம் இருக்கு. பாத்த உடனே நாக்க நீட்டிக்கிட்டு நிக்கும் பாருங்க" என்றாள். புல் சாக்கை நான்தான் அவள் தலையில் ஏற்றிவிட்டேன்.

ஆறு மணி ஐந்து. மைனாக்கள் இருந்த சாக்கைக் குழியிலும் மூங்கிலை ஓரத்திலும் போட்டுவிட்டு ஓடினேன். கம்பியிலிருந்து லயம்வரை தேயிலைக்கு நடுவே படி இறங்குகிறது. நடந்தால் கால்மணி நேரம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. எத்தனை நிமிடத்தில் போனேன் என்று தெரியாது. அந்த நாளில் எனக்கு நேரம் தெரியாத இடம் அது ஒன்றுதான்.

மாட்டுக்கொட்டிலில் மாடு நின்றுகொண்டிருந்தது. அது எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு வாயைப் பார்த்தேன். எச்சில் நூல் நூலாகத் தரைவரை தொங்கியது. கண்ணிலிருந்து நீர் வடிந்தது. தொடைச் சதை துடித்துக்கொண்டே இருந்தது, ஈ உட்கார்ந்ததைத் துரத்துவது போல. ஆனால் ஈ ஒன்றும் இல்லை. பக்கத்தில் கன்று கட்டியிருந்தது. தொட்டியில் எங்கள் புல் ஒரு கை அளவு மிச்சம் இருந்தது.

செல்லம்மா கொட்டிலுக்கு வெளியே வெறும் பால் போணியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. மாட்டப் பாருங்க, விடியக்காலையில இருந்து இப்புடி நடுங்குது. குளிர் புடிச்சிருச்சோ என்னமோ. பாலும் கொறச்சல்தான்."

"பால் எங்க?"

"இப்பத்தான் புள்ளைக்காம்பராவுல குடுத்துட்டு வாறேன்."

"நேத்துச் சாயங்காலப் பால்?"

"அத கன்னுக்கு விட்டுருவேன்ல." அவள் என் முகத்தைப் பார்த்தாள். போணியைக் கீழே வைத்தாள். "என்னண்ணே? நான் எடுக்கக்கூடாத புல்ல எடுத்திட்டேனா?"

அந்த இடத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திரும்பி ஓடினேன்.

பிள்ளைக்காம்பரா மேல் லயத்தின் முடிவில் இருந்தது. அங்கே பிள்ளைகளைப் பார்ப்பவள் மேரி. வாசலில் செருப்புகள் இல்லை. பெரட்டு ஏழு மணிக்கு. தாய்மார் ஆறேமுக்காலுக்கு மேல்தான் பிள்ளைகளைக் கொண்டுவருவார்கள். உள்ளே விறகு அடுப்பில் பெரிய சட்டி. பால் ஓரத்தில் நுரைக்க ஆரம்பித்திருந்தது.

"மேரி, அந்தப் பாலைக் குடுக்காத."

"ஏன்?"

"மாட்டுக்குச் சீக்கு."

பொய்தான். அரை உண்மை என்றுகூடச் சொல்லமாட்டேன். ஓடிவரும் வழியில் தயார் செய்திருந்தேன். மாட்டுக்குச் சீக்கு என்றால் பால் கொட்டப்படும், பிள்ளைகள் தப்பிவிடுவார்கள், யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள்.

மேரி அகப்பையை எடுத்துப் பாலைக் கிளறினாள். "சீக்குன்னா கொதிக்க வச்சா போயிரும்ண்ணே. நல்லா மூணு கொதி வரட்டும். இந்தப் பாலையும் ஊத்திட்டா பதினஞ்சு புள்ளைக்கி நான் எதக் குடுக்க, அடுப்புச் சாம்பலையா?"

அவள் ஒரு விறகை உள்ளே தள்ளினாள். நான் சட்டியை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினேன். உள்ளங்கை வெந்தது. வெளியே கொண்டுபோய்க் கானில் ஊற்றினேன். பின்னாலேயே மேரியின் குரல் வந்தது. "பைத்தியமா ஒங்களுக்கு? பைத்தியமா?"

"மேரி, அது மருந்துப் புல் தின்ன மாடு. கிரீனுக்கு அடிச்ச மருந்து. கொதிக்க வச்சாலும் போகாது."

 மெதுவாகத் திரும்பி அறையின் மூலையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அங்கே பாயில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. மூன்று வயது இருக்கும். சிவப்புக் கம்பளிச் சட்டை. கையில் பிளாஸ்டிக் கோப்பை. மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு.

"லக்ஷிகா," என்றாள் மேரி. "அவ அம்மா நிரோஷாவுக்கு ஃபெக்டரியில ஆறு மணி வேல. எப்பவும் இவதான் மொதல்ல. ஒரு தம்ளர் மட்டும் முன்னுக்கே சூடாக்கி..."

கோப்பையை வாங்கிப் பார்த்தேன். பாதி இருந்தது.

லயத்தில் இரண்டு ஓட்டோ நின்றன. இரண்டிலும் பெட்ரோல் இல்லை. ஆறு முப்பத்தெட்டுக்கு மேரியின் கைபேசியில் செயலாளரைக் கூப்பிட்டு மாட்டையும் பாலையும் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "குடிச்ச பிள்ளை இருக்கா?" இருக்கிறது என்றேன். தொடர்பு அறுந்தது. ஆறு ஐம்பத்திரண்டுக்கு ஜீப் வந்தது. செயலாளர் சாரத்துக்கு மேல் கோட்டும் காலில் வீட்டுச் செருப்புமாக இருந்தார். பக்கத்து இருக்கையில் அந்தச் சோடாப் போத்தல் இருந்தது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். ஃபெக்டரி வாசலில் நிறுத்தி நிரோஷாவை ஏற்றினோம். தேயிலைத்தூள் ஒட்டிய ஏப்ரனோடு வந்தாள். நான்காவது வளைவில் பிள்ளை வாந்தியெடுத்தது. பாதையாலா, பயத்தாலா, மருந்தாலா என்று சொல்ல யாரும் இல்லை. நிரோஷா அதைத் தன் ஏப்ரனில் ஏந்திக்கொண்டாள்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் வைத்தியர் ஓர் இளம்பெண். சிங்களத்தில் கேட்டார். என்ன மருந்து? செயலாளர் போத்தலை மேசையில் வைத்தார். வைத்தியர் மூடியைத் திறந்து தூரத்திலிருந்தே முகர்ந்து உடனே மூடினார். பெயர் வேண்டும் என்றார். யார் இதைக் கொடுத்தது என்றும் கேட்டார்.

"நான்," என்றார் செயலாளர். தன்னிடம் கேட்ட கேள்விக்கு அவர் இப்படி நேராகப் பதில் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெயர் கேட்டுவர அவர் ராகலைக்குக் கிளம்பினார். போகுமுன் வைத்தியர் சொன்னதை நிரோஷாவுக்குத் தன் தமிழில் சொன்னார். "பிள்ளை கண்ணைப் பாரு. நடுவுல கறுப்பா வட்டம் இருக்குதானே. அது சுருங்கி ஊசிமுனை மாதிரி ஆனா உடனே கத்து. வேர்வை வந்தாலும் கத்து. வாயில தண்ணி வந்தாலும் கத்து."

ஜன்னலோரக் கட்டில். ஏழு நாற்பதிலிருந்து நானும் நிரோஷாவும் அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு நேரம் ஒரு மனிதரின் கண்ணுக்குள் நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. கறுப்பு வட்டம் சும்மா இருப்பதில்லை. மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். எட்டு பத்துக்கு மேகம் விலகி வெயில் கட்டிலில் விழுந்தது. வட்டம் சட்டென்று சுருங்கியது. நிரோஷா கத்தினாள். தாதி ஓடிவந்து ஜன்னல் திரையை இழுத்தார். வட்டம் மெல்ல விரிந்தது. வெயில்தான். திரையின் கிழிசல் வழியாக அதே வெயில் இன்னும் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் நாங்கள் கத்தினோம்.

மூன்றாவது முறைக்குப் பிறகு நிரோஷா என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"அந்தக் கெழவிய நான் சும்மா விடமாட்டேன். கிளப்புப் புல்ல களவெடுத்து மாட்டுக்குப் போட்டிருக்கா. மேரியக்கா ஃபோன்ல சொல்லிச்சு. எம்புள்ளைக்கி ஒண்ணு ஆச்சுன்னா அவ கொட்டிலக் கொளுத்திருவேன்."

மேரி அப்படித்தான் நினைத்திருப்பாள். நான் அவளிடம் மருந்துப் புல் என்று மட்டும்தான் சொன்னேன். யார் கொட்டியது என்று சொல்லவில்லை. செல்லம்மாவும் தன்னைத்தான் நினைத்திருந்தாள். மூன்று பேரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள், நான் பேசாமல் இருந்ததாலேயே.

"செல்லம்மா களவெடுக்கல," என்றேன். "நான்தான் மரத்தடியில கொட்டினேன். குழியில கொட்டச் சொன்னாங்க. மறந்துட்டேன். சாக்கையும் நான்தான் தூக்கிவிட்டேன்."

அவள் இப்போதும் திரும்பவில்லை. பிள்ளையின் கண்ணிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"தெரிஞ்சேவா?"

"இல்ல."

"எந்திரிச்சுப் போயிராதீங்க," என்றாள் நிரோஷா. "எங்கயும் போகக்கூடாது. இங்கயே ஒக்காந்து நீங்களும் பாக்கணும்."

பார்த்தேன். பத்து நாற்பதுக்குச் செயலாளர் திரும்பி வந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். மரக்கறித் தோட்டக்காரரும் அதை வேறொருவரிடம் கலனில் ஊற்றி வாங்கியிருக்கிறார். அவருக்கும் பெயர் தெரியாது. வைத்தியர் அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் பிள்ளையிடம் தெரியும் அறிகுறிகளைப் பார்த்துத்தான் வைத்தியம் என்றார். இரவும் வைத்திருக்க வேண்டும் என்றார்.

பதினொரு மணிக்கு மிருக வைத்தியர் வந்து மாட்டுக்கு ஊசி போட்டதாகச் செல்லம்மா தொலைபேசியில் சொன்னாள். கன்று எப்படி என்று கேட்டேன். புதன் சாயங்காலப் பால் முழுவதையும் குடித்தது அதுதான். நிற்கிறது, முட்டுகிறது என்றாள். அந்த நாள் முழுவதும் என்னிடம் இருந்த ஒரே நல்ல செய்தி அது. ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை கேட்டேன். ஐந்தாவது முறை அவள், "அண்ணே, மாடு படுத்திருச்சு. அதப் பத்தியும் ஒரு வார்த்த கேளுங்க" என்றாள்.

அதே அழைப்பில் அவளிடமும் சொன்னேன், நான்தான் என்று. அவள் பக்கத்தில் நெடுநேரம் மாட்டின் மூச்சு மட்டும் கேட்டது.

பிள்ளையின் கண்ணில் வட்டம் ஊசிமுனையாகச் சுருங்கவில்லை. வேர்வை வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடு சனிக்கிழமை காலை செத்தது. மைனாக்கள் இருந்த குழியை ஆழமாக்கி அங்கேயே புதைத்தோம். கிளப் செல்லம்மாவுக்கு வேறொரு மாடு கொடுத்தது. அதற்கு அவள் பாதையோரத்தில் புல் அறுத்தாள். எங்கள் கம்பிப் பக்கம் பிறகு வரவில்லை.

கொப்பியில் வியாழக்கிழமைப் பக்கத்தை நான் எழுதினேன். எந்த நேரம், எத்தனை பறவை, எத்தனை பெட்டி, யார் எங்கே கொட்டியது. செயலாளர் அதை நின்றபடியே படித்தார். ஒரு வரியையும் வெட்டவில்லை. அடியில், மருந்தைக் கொண்டுவந்ததும் கிரீனை வெட்டச் சொன்னதும் தான் என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு கைக்குட்டையை எடுத்தார். எங்கே விரிப்பது என்று தெரியாதவர் போல அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நிர்வாகக் குழு இருவரையும் கூப்பிட்டு விசாரித்தது. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அவர் அந்த வருடமே பதவியை விட்டார்.

கூண்டு அதற்குப் பிறகு வந்தது. எல்லாப் புல்லும், மருந்து அடித்ததும் அடிக்காததும், அதற்குள் போகும். சாவி இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. ஓய்வு பெறும்வரை நான் பெட்டியைத் தனியாகக் கொண்டுபோனதில்லை. ஆனாலும் நிறைந்த பெட்டியைத் தூக்கினால் கால் இடப்பக்கம்தான் திரும்பும். கூட வரும் ஆள் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும்.

லக்ஷிகா இப்போது தரம் இரண்டில் படிக்கிறாள். பால் குடிப்பதில்லை.